ஒன்பதாவது ஆள்

நான் செய்த முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்லாந்தில் எங்களுக்கு இரண்டு தமிழ்ச் சனிக்கிழமைப் பள்ளிகள் இருந்தன. சான்ட்ரிங்ஹாமில் இருந்ததைத் தமிழ்நாட்டுக்காரர்கள் நடத்தினார்கள், ஒனிஹங்காவில் இருந்ததை யாழ்ப்பாணத்தவர் நாங்கள். இரண்டிலும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். இரண்டையும் சேர்க்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டிய நான், "ஐரோப்பாவில எப்பிடிச் செய்தவை தெரியுமோ?" என்று தொடங்கிவிட்டேன்.

கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு படிப்பிக்கிறவன் நான். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில் ஆறு நாடுகள் தங்கள் நிலக்கரியையும் உருக்கையும் ஓர் உயர் அதிகார சபையிடம் ஒப்படைத்த கதை எனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தச் சபையில் மொத்தம் ஒன்பது பேர். எட்டுப் பேரை அரசுகள் நியமிக்கும், அந்த எட்டுப் பேர் கூடி ஒன்பதாவது ஆளைத் தெரிவு செய்வார்கள். பதவிக்கு வந்தபின் யாரும் சொந்த நாட்டின் சொற்படி நடக்கக் கூடாது. பின்னால் பிரஸ்ஸல்ஸில் வந்த ஆணையங்களுக்கும் அதே விதிதான்.

கேட்டவர்களுக்கு இது நன்றாகப் பிடித்துப்போயிற்று. பக்கத்துக்கு நாலு பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் கூடி, ஒன்பதாவதாக என்னையே பிடித்துப் போட்டார்கள். விதிகளையும் நான்தான் எழுதினேன். யாரும் சொந்தப் பக்கத்தின் சொற்படி நடக்கக் கூடாது, வாக்களிக்காமல் ஒதுங்கக் கூடாது, நடுவில் விலகவும் கூடாது என்று சேர்த்தபோது எனக்கு எவ்வளவு பெருமை!

ஒனிஹங்காப் பள்ளியின் தலைமை ஆசிரியை என் மனைவி. ஊரில் பட்டதாரி ஆசிரியையாக இருந்தவள், இங்கே கிழமை முழுக்க விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் மட்டும்தான் அவள் டீச்சர்.

எந்தப் பள்ளியை மூடுவது என்ற கேள்வி வந்தது. ஒனிஹங்காவில் பதினொரு பிள்ளைகள்தான். சான்ட்ரிங்ஹாமில் பிள்ளைகளும் அதிகம், ஆசிரியர்களும் தேவைக்கு மேல். கணக்கு விளங்காதவன் இல்லை நான். ஆனாலும் இரண்டு கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். என் விதியை என்னைவிட அவள் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள்.

ஞாயிறு பின்னேரம் கூட்டம் நடந்தது. நாலுக்கு நாலு என்று நின்றது. எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது, ஓடுகிற கதவையும் நானே பூட்டியிருந்தேன். சான்ட்ரிங்ஹாம் நிலைக்கட்டும், ஒனிஹங்காவை மூடலாம் என்று கை தூக்கினேன்.

வீட்டில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்தபின் நிமிராமலே கேட்டாள்.

"உங்கட அந்தச் சபை, சுரங்கம் மூடினா அங்க வேலை செய்த ஆக்களுக்கு என்ன செய்தது?"

வருடா வருடம் வகுப்பில் சொல்கிற விடைதான். "வேற வேலை பழக்கிறதுக்கு உதவி குடுத்தவை."

"ஓம். எனக்கு அது இங்க வந்தவுடனேயே பழக்கியாச்சு."

எனக்கு அவமானமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, ஒனிஹங்காப் பள்ளி இல்லாத முதல் சனிக்கிழமை, வழக்கமான நேரத்துக்கு, சேலை கட்டி, புத்தகப் பையோடு வந்து காரில் ஏறி உட்கார்ந்தாள். எங்கே போவது என்று அவள் சொல்லவில்லை. கேட்க எனக்குத் துணிவு இல்லை. காரை ஒனிஹங்காப் பக்கம் திருப்பினேன்.