அம்மாவுக்கு நன்றி சொன்ன வாரம்

எம்.ஏ. சமூகவியல் படித்தபோது எங்கள் பேராசிரியை ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். சொந்த வீட்டில் ஒரு வாரம் வாடகைக்கு வந்தவரைப்போல் நடந்துகொள்ள வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்து எழுத வேண்டும். ஒரு வீட்டில் எழுதாத சட்டம் என்ன இருக்கிறது என்பது அதை மீறினால்தான் தெரியும் என்றார். வாரம் முடியும்வரை காரணத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. இன்று நானும் அதே பாடத்தை நடத்துகிறேன். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த வீட்டுப்பாடத்தை மட்டும் கொடுப்பதில்லை.

எதற்கெடுத்தாலும் நன்றி சொல்வது என்று நான் முடிவு செய்தேன். நோகாமல் செய்யக்கூடிய ஆராய்ச்சி என்று எனக்கே ஒரு பெருமை.

அப்போது ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்கார அக்கா. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். கணவர் பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அக்கா வாயைத் திறந்தால் மெர்சிதான், பிரெஞ்சில் நன்றி. மீன்காரம்மாவுக்கு மெர்சி, சிலிண்டர் தூக்கி வருபவருக்கு மெர்சி, தண்ணீர் எடுத்துக் கொடுத்த சொந்த மகளுக்கும் மெர்சி. மாடியில் சொல்வதைக் கீழே சொன்னால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

முதல் நாள் காலை அம்மா காபி கொடுத்தாள். நன்றிம்மா என்றேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். தோசைக்கு நன்றி சொன்னதும், இவளுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது, உஷாராக இரு என்று அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து எச்சரித்தார். துணி மடித்து வைத்ததற்குச் சொன்னபோது, யாரையாவது காதலிக்கிறேனா என்று அம்மா நேராகவே கேட்டுவிட்டாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

மூன்றாம் நாள் கேள்விகள் நின்றன. நான்காம் நாள் காபி என் எவர்சில்வர் டம்ளரில் வரவில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும் பீங்கான் கோப்பையில், சாஸர் வைத்து வந்தது.

"சக்கரை போதுமான்னு பாத்து சொல்லுங்க" என்றாள் அம்மா.

சொல்லுங்க! பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் 'டி' போடாமல் பேசியதே கிடையாது. கோபம் வந்தால் இரண்டு 'டி' விழும். கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். சிரிப்பின் சாயலே இல்லை. பழக்கதோஷத்தில் அதற்கும் ஒரு நன்றி சொல்லித் தொலைத்தேன்.

"யாரு வூட்ல இருக்கற நெனப்பு உங்களுக்கு?"

கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கண் கலங்கியிருந்தது. என் வீட்டிலேயே நான் விருந்தாளி ஆகிவிட்டேன், அதுவும் நானாகப் போய் வாங்கிக்கொண்ட பதவி. காலேஜ் பாடம் என்று உண்மையைச் சொல்லலாம்தான். பெத்தவளை வைத்தா பாடம் படித்தாய் என்று அது வேறு ஒரு தனிச் சண்டையாகியிருக்கும்.

போக்கிடம் இல்லாமல் மாடி ஏறினேன். அக்கா எங்கள் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் அம்மா கொடுத்தனுப்பிய மீன் குழம்பை நான்தான் அதில் கொண்டுவந்தேன். வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பதால் வாழைப்பழங்களை வைத்து என்னிடம் நீட்டினார். வாங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. குழம்பைக் கொடுத்தபோது அவர் மெர்சி சொல்லவில்லை. உப்பு குறைந்திருந்தால் உங்கம்மாவைச் சும்மா விடமாட்டேன் என்றுதான் சொன்னார். ஊருக்கெல்லாம் வாரி இறைக்கும் மெர்சியை அம்மாவுக்கு மட்டும் ஒருநாளும் கொடுத்ததில்லை.

ஏன் என்று கேட்டேன். சொல்வதில்லையா என்று அவருக்கே ஆச்சரியம். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"அவங்களுக்குப் போய் மெர்சி சொல்லிட்டா, நாளைக்குக் கறிவேப்பிலை வேணும்னு எந்த மூஞ்சிய வெச்சிகினு கேக்கறது?"

கிண்ணத்தோடு கீழே வந்தேன். கோப்பையில் காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

"இன்னாம்மா காபி இது? சக்கரையே இல்ல."

அம்மா சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கை இருக்குதுல்ல, நீயே போட்டுக்கடி" என்றாள். பிறகு கோப்பை ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அத்த கழுவி எடுத்த எடத்துல வை. ஒடைச்ச, அப்பறம் இருக்குடி ஒனக்கு."

இரண்டு 'டி'. வாய்வரை வந்த நன்றியை விழுங்கிக்கொண்டு சர்க்கரை டப்பாவை எடுத்தேன்.