இருபத்திரண்டு மூடிகள்

என் தம்பி ட்ரெய்லர் ஓட்டினான். மீஞ்சூர்ப் பக்கத்துக் கிடங்குகளிலிருந்து கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவான். துறைமுக வாசலுக்கான வரிசை சில நாள் திருவொற்றியூரையும் தாண்டி நிற்கும். வண்டியிலேயே சாப்பிட்டு, வண்டியிலேயே தூங்கி, முன்னால் இருப்பவன் பத்தடி நகர்ந்தால் இவனும் பத்தடி நகர வேண்டும். அப்படி நின்ற இரண்டாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, வரிசை நகர்ந்தது. அவன் வண்டி நகரவில்லை. மாரடைப்பு என்றார்கள். அவனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

நான் அவனுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போடுகிறேன். காலடிப்பேட்டையில் தம்பி குடும்பத்தோடுதான் இருந்தேன். அவன் மனைவி, ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள், நான்.

எனக்கு அழுகை வரவில்லை. ஐஸ் பெட்டி கொண்டுவந்தவன் பிளக் எங்கே என்று கேட்டபோது ஃப்ரிட்ஜ் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைக் காட்டினேன். உள்ளே இருக்கிற மாவு புளித்துவிடுமே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அன்று முழுக்க நான் நினைத்ததில் ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். எடுத்துக்கொண்டு போன பிறகு வாசலைக் கழுவினேன். வந்தவர்களுக்கு டீ போட்டேன். "அக்காக்காரி கல்லு மாரி கீறாளே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

தம்பி மனைவி உள் அறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். யார் போய்ப் பேசினாலும் தலையை மட்டும் ஆட்டினாள். குழந்தைகளை ஓடாதே, சிரிக்காதே, டிவி போடாதே என்று எல்லோரும் அடக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் இரண்டும் என்னோடு சமையலறைக்கு வந்துவிட்டன. மூன்றாம் நாள் காலை, சின்னவள் டீ குடித்த பேப்பர் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தாள். பெரியவள் காலியான டீத்தூள் அட்டைப் பெட்டிகள் இரண்டை எடுத்து, மேடையில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்க வைத்தாள்.

"அத்தை, இது ரெண்டு இருவதடி பொட்டி," என்றாள்.

பார்த்தேன். ட்ரெய்லர் மேல் இரண்டு சின்ன கன்டெய்னர்களை ஏற்றினால் அப்படித்தான் இருக்கும்.

"வண்டி பண்லாமா?"

"பண்லாம்," என்றேன்.

குழந்தைகளைத் தேற்ற வேண்டும் என்றெல்லாம் நினைத்துச் சொல்லவில்லை. உலையில் சோறு வெந்துகொண்டிருந்தது. அதுவரை கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

போன வருஷத்துத் தினசரி காலண்டரின் அட்டையை நீளமாக வெட்டினேன். அது அடித்தட்டு. டிரைவர் உட்காரும் முன்பகுதிக்கு, நான் வேலை செய்யும் இடத்திலிருந்து எப்போதோ கொண்டுவந்த கையுறைப் பெட்டி கிடைத்தது. கையுறையை உருவ அதில் முட்டை வடிவத்தில் ஓர் ஓட்டை இருக்கும். பெட்டியை நிமிர்த்தி நிற்க வைத்ததும் சின்னவள், "கண்ணாடி!" என்றாள். முன் கண்ணாடி மாதிரியேதான் இருந்தது.

சக்கரத்துக்குத் தண்ணீர் பாட்டில் மூடி என்று முடிவாயிற்று. வருகிறவர்களுக்கெல்லாம் சின்ன பாட்டில் ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தோம். குழந்தைகள் போய் நாற்காலிகளுக்கடியில் தவழ்ந்து ஒன்பது மூடி பொறுக்கிக்கொண்டு வந்தன.

"போதும்," என்றேன்.

"பத்தாது அத்தை. அப்பா வண்டிக்கு இருவத்திரெண்டு வீலு," என்றாள் பெரியவள். "முன்னால ரெண்டும் ஒத்தை. மத்ததெல்லாம் சோடி, உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு."

கோணி ஊசியை அடுப்பில் காய்ச்சி மூடிகளின் நடுவில் ஓட்டை போட்டேன். துடைப்பக் குச்சிதான் அச்சு. ஊதுவத்தி வாசனையோடு பிளாஸ்டிக் கருகுகிற நாற்றமும் சேர்ந்து முன்னறை வரை போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமே, சாவு வூட்ல கொயந்தைங்கள வெச்சிகினு பொம்ம செஞ்சிகினு கீற? பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"சோறு ஆயிடிச்சி. சாப்ட்டுப் போக்கா," என்றேன்.

நான்காம் நாள் ஐந்து மூடி கிடைத்தது. ஐந்தாம் நாள் மூன்று. ஆறாம் நாள் ஒன்றுதான், வந்த மற்ற இருவரும் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவந்திருந்தார்கள். பெரியவள் வாசல்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, அப்பாவைத் தேடுகிறாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தேடியும் இருக்கலாம். எனக்குத் தெரிந்து அவள் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் சாயந்திரம் சமையலறைக்கு ஓடிவந்து என் காதில் சொன்னாள், "நாலு பேரு வந்துகீறாங்க அத்தை."

இன்னும் நான்கு மூடிதான் வேண்டியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. தம்பி போய் ஏழு நாள் ஆகியிருக்கிறது, நான் மூடிக்காக ஆள் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும், பாட்டில்களை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

வந்தவர்கள் தம்பியோடு வண்டி ஓட்டியவர்கள். மூன்று பேர் திறந்து குடித்தார்கள். நான்காவது ஆள் வயதானவர், பாட்டிலைத் திறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். சின்னவள் அவர் எதிரில் போய் நின்றாள்.

"மாமா, குடிங்க."

"தாகம் இல்ல பாப்பா."

"குடிங்க மாமா. மூடி வோணும்."

அவர் என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "எங்க, எட்தா பாக்கலாம்," என்றார் ஒருவர். பெரியவள் உள்ளே போய் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

நான்கு ஆண்களும் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அடித்தட்டு நீளம் போதாது என்றார் ஒருவர். முன்பகுதியைக் கழற்றிவிட்டால் ட்ரெய்லர் குப்புற விழாமல் தாங்க இரண்டு கால் வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். தீக்குச்சியை ஒடித்து அவரே கால் செய்தார். மாலையிலிருந்து உதிர்ந்து கிடந்த ஜிகினாத் தாளைக் கிள்ளிப் பக்கவாட்டுக் கண்ணாடி ஒட்டினார்கள். அந்த வீட்டில் ஏழு நாளில் முதல்தடவையாக நான்கு பேர் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டார்கள்.

வயதானவர் தன் பாட்டிலிலிருந்து எடுத்த கடைசி மூடியைக் குச்சியில் ஏற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"அவன் வண்டிக்குப் பின்னால நான்தாம்மா நின்னுகினு இருந்தேன். லைன் நகந்திச்சி. இவன் எடுக்கல. தூங்கறான்னு நெனைச்சிகினு ஆரன் அட்ச்சேன். அட்ச்சிகினே இருந்தேன். கெட்ட வார்த்தகூட வுட்டேன்."

"எவ்ளோ நேரம் மாமா அட்ச்சீங்க?" என்று பெரியவள் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், வண்டியைப் பற்றி இன்னொரு சந்தேகம் போல.

அவர் மூடியைக் குச்சியில் திருப்பிக்கொண்டே இருந்தார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். டீ கொண்டுவரட்டுமா என்றுதான் கேட்டேன்.

அப்போது தம்பி மனைவி அறை வாசலில் நிற்பதைப் பார்த்தோம். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. ஏழு நாள் பேசாமல் இருந்ததில் குரல் கட்டியிருந்தது.

"நீங்க ஆரன் அடிக்கலன்னா யாரும் எறங்கிப் பாத்திருக்க மாட்டாங்கண்ணா," என்றாள். "டீ சாப்ட்டுப் போங்க."

ஆறுதல் சொல்கிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். பிறகு வண்டியை ஒரு நிமிஷம் பார்த்தாள். "கேபின் நீலக் கலரு," என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனாள். வயதானவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் டீ போட்டேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன், நான்கு பேரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டபோது வண்டி கட்டிலடியில் இருந்தது. யாருக்கும் ஞாபகம் வரவில்லை. டீத்தூள் பெட்டிகள் தண்ணீரில் ஊறி வாய் பிளந்துவிட்டன, கேபினுக்குச் சுற்றி ஒட்டியிருந்த நீலக் காகிதம் சாயம் போய்த் தரையெல்லாம் ஒழுகியிருந்தது. பெரியவள் அழுவாள் என்று நினைத்தேன். காலால் தொட்டுப் பார்த்தாள். "தொத்தலா பூட்ச்சி," என்றாள். அவளே கொண்டுபோய்க் குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாளே நான் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் குழந்தைகளோடு உட்கார்ந்து எதையாவது செய்வோம். முட்டை அட்டையில் ஒரு முதலை, எண்ணெய் கேனில் ஒரு படகு. அது எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கை வேலை செய்துகொண்டிருக்கும். மனசு எங்கேயும் போகாது, இங்கேயும் இருக்காது.

போன ஞாயிறு சின்னவள் மிக்சி கேட்டாள். காலி நெய் டப்பாமேல் தயிர் கப்பைக் கவிழ்த்து ஒட்டி, பக்கவாட்டில் ஒரு பெரிய பொத்தானைக் கம்பியால் முறுக்கிச் சுற்றுகிற மாதிரி வைத்துக்கொடுத்தேன். பொத்தானைத் திருப்பியதும் வாயாலேயே சத்தம் கொடுத்து அரைக்க ஆரம்பித்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவள் அம்மா, "தலைய வலிக்குது, ஆஃப் பண்ணுடி," என்றாள்.

சின்னவள் பொத்தானைத் திருப்பி நிறுத்தினாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, "இன்னும் மைய அரையலம்மா, இன்னொருவாட்டி ஓட்டணும்," என்றாள்.

"சரி, ஓட்டு," என்றாள் அவள் அம்மா.