திரையில் தொங்கிய பதினோரு வாஷர்

சிதம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் கடலூருக்குப் போய், டீசல் ரயில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டிவிட்டு, மறுபடியும் மின்சார ரயிலில் வீடு திரும்புகிறவர் திருநாவுக்கரசு. இதைக் கேட்டு யாராவது சிரித்தால் கோபப்பட மாட்டார். சேர்ந்து சிரிக்கவும் மாட்டார். வயது ஐம்பத்திரண்டு. முதுநகர்ப் பக்கம் ஒரு தனியார் பட்டறையில் ஃபிட்டர்.

ஆலைகளுக்குள் வேகன் தள்ளுகிற பழைய இன்ஜின்களின் உடம்பை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றுவது அந்தப் பட்டறையின் தொழில். புதுப் பம்பு, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் புது இன்ஜெக்டர்கள், சும்மா நிற்கும்போது வண்டியைத் தானாக அணைக்கும் ஒரு கருவி. புகை குறையும், டீசலும் மிச்சம்.

போன வருஷம் நாற்பத்து மூன்று வயதான ஓர் இன்ஜின் வந்தது. பன்னிரண்டு சிலிண்டர். மூன்று மாத வேலைக்குப் பிறகு, இன்ஜினியர் ரேகா பொத்தானை அழுத்தினார். இன்ஜின் கிளம்பியது. கூடவே கரும்புகையும் கிளம்பியது. பட்டறைக்குப் பின்னால் குடியிருக்கும் இருசம்மாள், கொடியில் காய்ந்த வெள்ளைப் பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அது இப்போது வெள்ளையாக இல்லை.

"இதுக்கா மூணு மாசமா தட்டிக்கினு இருந்தீங்க?"

ரேகா இன்ஜினை அணைத்தார்.

கோளாறு எங்கே என்று மூன்று நாள் தேடினார்கள். கடைசியில் எல்லோருமாகப் பம்பு என்று முடிவு செய்தார்கள். பம்பு வெளியூர்க் கம்பெனியுடையது. அதற்காகப் பேச இங்கே ஆளில்லை. ரேகா புகார்க் கடிதம் எழுதி வைத்தார், காலையில் அனுப்புவதற்கு.

அன்று சாயங்காலம் வீட்டில் திருநாவுக்கரசு காபியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே வாசல் திரை. காற்றில் பறக்காமலிருக்க அதன் அடியில் மனைவி மாலதி செம்பு வாஷர்களைக் கோத்துத் தைத்திருந்தாள். அந்த இன்ஜினின் பழைய இன்ஜெக்டர்களுக்கு அடியிலிருந்து அவர் கழற்றிக் கொண்டுவந்தவை, சிலிண்டருக்கு ஒன்று. சும்மா எண்ணினார். பதினொன்று. எழுந்துபோய், விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். அப்போதும் பதினொன்று.

"எல்லாத்தையும் தச்சிட்டியா?"

"நீங்க குடுத்தது அவ்ளோதாங்க. அந்த ஓரத்துக்கு ஒண்ணு கொறையுதுன்னு நானே கேக்கணும்னு இருந்தேன்."

அந்த ஒன்று இன்ஜினுக்குள் இருந்தது. அதைக் கழற்றாமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார். இன்ஜெக்டர் ஒரு வாஷர் உயரம் மேலே நிற்கிறது. டீசல் சரியாக எரியவில்லை. காலையில் முதல் ஆளாகப் போய்ச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால், பம்பு தானாகத் திருந்திவிட்டது என்று எல்லோரும் நம்புவார்கள். இதை யோசித்தபடியே ஒரு தோசையோடு எழுந்துவிட்டார். வழக்கம் நாலு.

காலையில் நேராக ரேகாவிடம் போனார்.

"மேடம், லெட்டர அனுப்பாதீங்க. பம்பு மேல தப்பில்ல. பழைய வாஷர் ஒண்ண உள்ளயே வுட்டுட்டேன்."

"எந்த சிலிண்டர்ண்ணே?"

"அது தெரியல. பன்னண்டையும் கழட்டணும்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வூட்டு ஸ்கிரீன்ல எண்ணிப் பாத்தேன்."

ரேகா கடிதத்தைக் கிழித்துப் போட்டார். ஒன்பதாவது சிலிண்டரில் இரண்டு வாஷர் இருந்தன.

இரண்டாவது சோதனைக்கு, இன்ஜினை அனுப்பிய ஆலையின் அதிகாரி புகை மீட்டரோடு வந்தார். முள் கொஞ்சம்தான் அசைந்தது. மீட்டர் கெட்டுவிட்டதென்று நினைத்து, வெளியே நின்ற தன் ஜீப்பின் புகைக்குழாயில் வைத்துப் பார்த்தார். முள் கடைசிவரை போனது.

"மீட்டர் நல்லாத்தான் இருக்குது," என்று கையெழுத்துப் போட்டார்.

இன்ஜின் ஆலைக்குப் போனது. முதல் வாரம் முழுக்க டிரைவர் தினமும் ஃபோன் செய்து, வண்டி தானாக அணைந்துவிடுகிறது என்றார். அது அப்படித்தான் என்று திருநாவுக்கரசு தினமும் சொன்னார்.

மாதக் கடைசியில் ரேகா அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டினார். 'தவறு செய்தவர்: ஃபிட்டர் திருநாவுக்கரசு. தவற்றைக் கண்டுபிடித்தவர்: ஃபிட்டர் திருநாவுக்கரசு.' அவர் இரண்டு தடவை படித்தார். கையில் கிரீஸ் இருந்தது. பழந்துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு வரிக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தாகப் போட்டார்.