ஜூனிபரிலிருந்து வந்த குரல்

என் மனைவி வெர்னா முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகும் பின்சீட்டு வரை நடந்துபோய், எதாவது குழந்தை தூங்கிப்போயிருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் வண்டியைப் பூட்டமாட்டாள். ஓய்வு பெற்றதும் அந்தப் புத்தியைப் படகுக்குக் கொண்டுவந்துவிட்டாள். குளிர்காலத்தைப் பஹாமாஸ் தீவுகளில் கழித்துவிட்டு ஏப்ரலில் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்குத் திரும்பும் பாய்ப்படகுக்காரர்கள் எல்லோரையும் தினமும் காலை ஏழு மணிக்கு ரேடியோவில் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். எங்கே இருக்கிறாய், உடம்பு எப்படி? சம்பளமில்லாத உத்தியோகம், அதற்கு அதிகாரம் வேறு. காப்பி போட நான்.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு நாள் முன்னால் கிளம்பியவன் எமொரி டல். தனி ஆள். 'ஜூனிபர்' என்ற சின்னப் படகு, வாய் மட்டும் பெரிது. "டிரைவரம்மா, உங்க கிழவரு இன்னும் நங்கூரத்தையே தேடிக்கிட்டிருக்காரா?" என்று ரேடியோவில் என்னைக் கலாய்க்காத நாள் கிடையாது.

கரை மறைந்த பிறகு அந்தக் கிண்டல் நின்றுபோனது. மூன்று நாள் காலையிலும் வெர்னா 'ஜூனிபர்' என்று கூப்பிட்டதும் அவனுடைய கரகரத்த குரல் இருக்கும் இடத்தைச் சொல்லும், "எல்லாம் நலம்" என்று முடிக்கும். அவ்வளவுதான். சனியன் ஒழிந்தது என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் வெர்னா கடல் வரைபடத்தில் தான் போட்டிருந்த பென்சில் குறிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வெண்டெல், இங்க பாரு. நேத்தும் அறுபது மைல், இன்னிக்கும் அறுபது மைல்."

"மெதுவா வர்றான். அதுக்கென்ன?"

"மண்டு! நீரோட்டம் போற வேகமே அதான். மூணு நாளா இவ்வளவு நல்ல காத்து அடிக்குது. படகு ஓடல, மிதக்குது."

"அவனே நலம்னு சொல்றானே."

"பின்சீட்டுல வாந்தி எடுத்த பிள்ளையும் அப்படித்தான் சொல்லும்."

மதியம் மூடுபனி இறங்கியது. வெர்னா ரேடியோவில் கூப்பிட்டதற்கு, பனி விலகினால்தான் ஹெலிகாப்டர் வரும், நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று கடலோரக் காவல்படை சொல்லிவிட்டது. குரல் சொன்ன இடத்திலிருந்து நீரோட்டத்தைக் கணக்குப் போட்டுப் போனோம். கணக்கு காட்டிய இடத்திலேயே இருந்தது ஜூனிபர், பாய் விரிக்காமல், திசையில்லாமல் ஆடிக்கொண்டு.

நான் கயிறு கட்டுவதற்குள் வெர்னா தாவிவிட்டாள். உள்ளே எமொரி இடுப்பெலும்பு முறிந்து தரையில் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. கைக்கருகே காலி பாட்டில்.

"குழாய் வெடிச்சுத் தண்ணி ஏறிச்சு. அடைச்சுட்டு எழுந்தேன், வழுக்கிட்டேன். மூணு நாளாச்சு."

"அப்புறம் ஏன்டா நலம்னு சொன்னே?" வெர்னா அழுதுகொண்டே கத்தினாள்.

"நான் எங்க சொன்னேன்? அன்னிக்கே பேட்டரி முழுகிப்போச்சு. ரேடியோ செத்துக் கிடக்கு."

அங்கிருந்த ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். விளக்குகூட எரியவில்லை.

அவனைப் பலகையோடு கட்டி எங்கள் படகுக்கு மாற்றினோம். வாய் ஓயாமல் தண்ணீர் கேட்டான். ஆளில்லாத ஜூனிபரை அப்படியே விட்டுவிட்டோம், வேறு வழியில்லை.

மறுநாள் காலையும் பனி விலகவில்லை. ஏழு மணிக்கு வெர்னா பெயர்களைக் கூப்பிட்டாள். பழக்க தோஷம், பட்டியலின் கடைசியில் "ஜூனிபர்" என்றும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எமொரியின் குரல் ரேடியோவில் இடத்தைச் சொன்னது. "எல்லாம் நலம்" என்றது.

படுக்கையில் எமொரியின் முகம் வெளுத்தது. "டிரைவரம்மா, அது நான் இல்ல."

நான் ரேடியோவை அணைக்கப் போனேன். வெர்னா என் கையைத் தட்டிவிட்டாள். வரைபடத்தில் குறியைப் போட்டாள்.

"ஜூனிபர், ரொம்ப நன்றி. எமொரி எங்ககிட்ட பத்திரமா இருக்கான். இனிமே நீங்க கஷ்டப்பட வேண்டாம்."

ரேடியோ இரைந்தது. பிறகு அதே குரல் கேட்டது: "தண்ணி குடிச்சானா?"

"குடிச்சான்," என்றாள் வெர்னா. "நிறையக் குடிச்சான்."