பீப்பாய்க்குள் சொன்ன பெயர்

பீப்பாயின் மூடியில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள் லெயோகாடியா. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கை வாயைப் பொத்தியிருக்கிறது, தன் மூச்சுச் சத்தமே இடைஞ்சல் என்பதுபோல. வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, திரும்பி வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் ஒரு தடவை. பிர்ஜாய் ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுகிற எல்லாரும் இப்படித்தான் ஒட்டுக்கேட்பார்கள். கேட்டுவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு சிரிப்பார்கள். இவள் மட்டும் வாசல் கதவைப் பார்க்கிறாள்.

ஊருக்கே தெரிந்த குரல் அவளுடையது. பஸ் நிலையத்தில் மைக்கைப் பிடித்து அறிவிப்பவள். பனௌவேஜிஸ் போகும் பஸ் புறப்படுகிறது என்பதோடு விடமாட்டாள். "கஸிமிரஸ், எங்கய்யா போய்ட்ட? உன் பொட்டி மட்டும் சீட்ல ஒக்காந்திருக்கு!" என்று ஆளைப் பேர் சொல்லி இழுத்து வருவாள். மேலாளர் கண்டித்தபோது, "பேரச் சொல்லாம கூப்பிட்டா எவன் திரும்பிப் பார்ப்பான்?" என்று திருப்பிக் கேட்டாள்.

பீர் காய்ச்சியது அவள் கணவன் ஜெனோனஸ்தான். கொட்டகைக்குள் அவளை எட்டிப் பார்க்கக்கூட விட்டதில்லை. போன இலையுதிர் காலத்தில் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வருஷ நினைவு விருந்தில் அவர் ஈஸ்டில் பொங்கிய பீர்தான் ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் அது என்ன விருந்து என்று இவளுக்குப் பிடிவாதம். அவர் விட்டுப்போன ஈஸ்ட் நிலவறையில் இரண்டு ஜாடி இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், ஒன்றும் தெரியாமல், காய்ச்ச இறங்கினாள்.

முதல் தடவை ஒரு ஜாடியை அப்படியே ஆறாத பார்லிச் சாற்றில் கவிழ்த்தாள். "பால் சூடுன்னாங்க. பொங்குற பாலா, குடிக்கிற பாலான்னு எவளாச்சும் சொன்னாளா?" ஈஸ்ட் வெந்து செத்தது. பன்றிக்கு ஊற்றினாள், அது முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மிஞ்சியது ஒரே ஜாடி. அதுவும் போனால் பக்கத்து வீட்டு ரமுட்டேயின் அண்ணனிடம் போய் ஈஸ்டுக்குக் கையேந்தவேண்டும். அந்த ஆளின் பீரை ஜெனோனஸ் ஆயுள் முழுக்கப் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்றே சொல்லிவந்தார்.

இரண்டாம் தடவை பயபக்தியோடு செய்தாள். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவிட்டு, வைக்கோல் பரப்பி வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ கொதித்த நீரைச் சேர்த்து, முழங்கையைத் தோய்த்துப் பார்த்து ஆறவைத்தாள். கடைசி ஜாடியைச் சரித்தாள். அப்போது காய்ச்சுகிறவர் பீப்பாய்க்குள் தலையை விட்டு ஈஸ்டைப் பார்த்து "எழுந்து வா!" என்று கத்தவேண்டும். அவ்வளவுதான். எந்தப் பெயரும் வரக்கூடாது. இது அந்தத் தெருவில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் பேர் சொல்லிப் பழகிய வாய் அல்லவா?

"எழுந்து வா, ஜெனோனஸ்!"

துண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ரமுட்டே துண்டை நழுவவிட்டாள். "அடிப் பாவி! என்னடி சொல்லித் தொலைச்ச?"

"ஐயோ, தன்னால வந்துருச்சுடி."

மறுநாள் காலையில் நுரை மூடியை முட்டித் தூக்கியது. மூடியிலிருந்து இறங்கும் குழாயின் நுனி தண்ணீர்ப் பாட்டிலுக்குள் கிடக்கிறது. காற்று அதன் வழியே குமிழியாக வெளியேறும். எல்லார் வீட்டிலும் குமிழிகள் சரசரவென்று வரும், பிறகு மெல்ல அடங்கும். இங்கே இரண்டு வந்தன. நின்றன. மறுபடியும் இரண்டு. ஜெனோனஸ் ஒருநாளும் கதவைத் தட்டியதில்லை. சேற்றுப் பூட்ஸோடு வெளியே நின்று இரண்டு தடவை இருமுவார். இவள் வாசலில் பழைய செய்தித்தாளை விரிக்கும்வரை காத்திருப்பார்.

ரமுட்டே ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். குமிழி இரண்டிரண்டாகவே வந்துகொண்டிருந்தது. "கொதிக்கிற தண்ணிய ஊத்தி முடிச்சிருடி."

"ஊத்துனா அவரு ஈஸ்டு செத்துப் போயிருமே."

"செத்தவரு செத்தவராவே இருக்கட்டும்னுதான் சொல்றேன். விருந்துக்கு எங்கண்ணன் பீர் தருவான்."

"உங்கண்ணன் பீரை வெச்சா அவரு நெசமாவே எழுந்து வந்துருவாரு."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். குழாயில் இரண்டு குமிழி வந்தது. சிரிப்பு நின்றது.

அவளுக்குப் பயம்தான். பஸ் நிலையத்தில் இப்போது யார் பெயரையும் சொல்வதில்லை. அறிவித்து முடித்தபின் மைக்கை அணைக்காமல் அதன் பக்கம் காதைச் சாய்க்கிறாள். பதில் வருமோ என்று காத்திருப்பதுபோல இருக்கும் அது. பயணிகள் நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்க்கிறார்கள். விருந்துக்கு வருவதாகச் சொன்ன தெருக்காரர்கள் குடிக்க அவரவரே கொண்டுவந்துவிடுகிறோம் என்கிறார்கள்.

விருந்துக்கு முந்தைய நாள் மதியம். ஏரியிலிருந்து வந்த மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டிருக்கிறது. ரமுட்டேதான் கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள். "சர்ச்சுக்குப் போயிட்டு வந்துடுறேன். அதுக்குள்ள ஊத்திரணும், ஆமா."

கெட்டில் கூவுகிறது. லெயோகாடியா குழாயைப் பிடுங்கி மேசைமேல் போட்டு, மூடியைக் கழற்றுகிறாள். ஆப்பிளும் கருப்பு ரொட்டியும் கலந்த வாசனை எழுகிறது. அவர் சட்டைக் கையின் வாசனை. நுரை அசையாமல் கிடக்கிறது. அடங்கிவிட்டதா? நிம்மதியாக இருக்கிறது. அடுத்த நொடியே, அந்த நிம்மதியைத் தாங்கமுடியாமல் அழுகை வருகிறது. அழுதுகொண்டே கெட்டிலைத் தூக்கிப் பீப்பாயின் விளிம்புவரை சாய்க்கிறாள்.

அப்போது இரண்டு தடவை கேட்கிறது.

குழாய் மேசைமேல் கிடக்கிறது. பாட்டில் தண்ணீரில் சலனமில்லை. சத்தம் வந்தது கதவுப் பக்கத்திலிருந்து.

அவள் கெட்டிலை அடுப்பில் திரும்ப வைத்துத் தீயை அணைக்கிறாள். முகத்தை ஏப்ரனில் துடைத்துக்கொள்கிறாள். பிறகு அலமாரி மேலிருந்து நேற்றைய செய்தித்தாளை எடுத்து, உதறி, வாசலுக்கு உள்பக்கம் சுருக்கமில்லாமல் விரிக்கிறாள்.