லுட்வினாவும் நான்கு பெட்டி உருளைக்கிழங்கும்

எங்கள் மலையூரில் கார் கிடையாது. கார் இல்லாத வீடும் கிடையாது. அடிவாரத்தில் தார்ச்சாலை முடிகிற இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. ஊராரின் கார்களெல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒஸ்வால்ட் பன்னிரண்டு நிமிடம் ரயிலில் இறங்கிப் போய், தன் காரைத் துடைத்துவிட்டு, அடுத்த ரயிலில் ஏறி வந்துவிடுவார். காரில்லாத ஊரின் காற்றைச் சுவாசிக்க வெளியூர்க்காரர்கள் கோடை முழுக்கக் காரில் வந்து குவிகிறார்கள். இதில் முரண்பாடு ஏதும் இருப்பதாக இங்கே யாரும் நினைப்பதில்லை.

ஒஸ்வால்டின் மனைவி லுட்வினா, பின்னாளில் ஊர்ப் பள்ளி வாத்தியாராகிவிட்ட என்னுடன் ஒரே பெஞ்சில் படித்தவள். காரில் அவளுக்கு ஆசை இருந்ததே இல்லை. அவளுடையது ஹோட்டலின் பேட்டரி வண்டி. இருபத்தொன்பது வருடங்களாக ரயிலடியில் விருந்தினரையும் பெட்டிகளையும் ஏற்றி மேலே கொண்டு போகிறாள். பெட்டியைத் தூக்கும்போதே உள்ளே புத்தகமா செருப்பா என்று சொல்லிவிடுவாள்.

எங்கள் சந்துகளின் அகலம் ஒன்றரை வண்டி. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால் சுமை குறைந்தவர் பின்வாங்க வேண்டும். இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். முதலில் நிறுத்த வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், எதிர் வண்டியை எட்டிப் பார்த்துக் கனத்தை எடைபோட வேண்டும். அதன் பிறகுதான் நகர்வது. எழுதாததால் யாரும் இதை மீறியதில்லை.

எழுதிய சட்டம் சென்ற வசந்தத்தில் வந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி முதல் விருந்தினரை ஏற்றிச் செல்பவர்களிடம் கார் ஓட்டும் உரிமம் இருக்க வேண்டும் என்று ஊர்மன்றம் தீர்மானித்துவிட்டது. கார் நுழையக் கூடாத ஊரில் வேலை பார்க்கக் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் வண்டி வேறு கைக்குப் போகும், லுட்வினா ஹோட்டலின் சலவை அறைக்குப் போவாள்.

"துணி பேசாது வாத்தியாரே," என்றாள் என்னிடம். "நான் அங்க பத்து நாள் தாங்க மாட்டேன். லைசென்ஸ்தானே, வாங்கிடலாம்."

ஜூன் மாதம் ஒஸ்வால்டின் காரிலேயே முதல் பரீட்சை. பரீட்சை அதிகாரி ஹுன்சிகர் சமவெளிக்காரர், அளந்து பேசுகிறவர். அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிறகு ஒரு ரவுண்டானா. லுட்வினா வட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள். பக்கத்துச் சாலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று அவளுக்காக நின்றது. அவள் காரை நிறுத்தி, லாரிக்காரனுக்கு வணக்கம் சொல்லி, வந்த வழியே ரிவர்ஸில் வெளியேறினாள்.

"ஏம்மா பின்னால போனீங்க?" என்று கேட்டிருக்கிறார் ஹுன்சிகர்.

"அவன் வண்டி நிறைய மரம். என் வண்டியில நீங்க மட்டும்தானே சார் இருந்தீங்க."

"வட்டத்துக்குள்ள இருந்தது நீங்க. அவன்தான் நிக்கணும்."

"நின்னானே சார். பாவம், அதனாலதான் போனேன்."

ஃபெயில். மறு பரீட்சை ஜூலை முப்பது. அதிலும் தவறினால் மறுநாளுக்கு மறுநாள் சலவை அறை. ஒஸ்வால்ட் இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. லுட்வினா எல்லாரிடமும் சொன்னாள்.

ஜூலை நடுவில் ஒரு மதியம் ரயிலடியில் அவள் வண்டியின் பின்னிருக்கையில் ஓசிச் சவாரிக்காக நான் உட்கார்ந்திருந்தேன். கோடை விடுமுறைக்கு வந்து இறங்கிய தம்பதியில் கணவர் ஹுன்சிகர். அவர் மனைவியிடம் ஐந்து பெட்டிகள்.

"வாங்க சார்," என்றாள் லுட்வினா, ஒரு சங்கடமும் இல்லாமல். "இந்த மாசக் கடைசி வரைக்கும் நான் இங்க ஓட்டலாம். பயப்படாம ஏறுங்க."

கோயிலுக்கு மேலே தியோடுலின் பீர் வண்டி, பாதிச் சுமையோடு எதிரே வந்தது. அவன் எட்டிப் பார்த்தான்.

"என்ன லுட்வினா, மலையில பாதியப் பேத்து எடுத்துட்டு வர்றியா?"

"மேடத்தோட பெட்டிடா. வாய மூடிக்கிட்டுப் பின்னால போ."

தியோடுல் ஐம்பது மீட்டர் பின்னால் போனான். ஹுன்சிகரின் மனைவி முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "பாத்தீங்களா? பதினெட்டு வருஷமா என் பெட்டியத் திட்டுறீங்களே. இங்க அதுக்குத்தான் வழி விடுறாங்க."

லுட்வினா ஹோட்டல் வரும்வரை அந்தப் பெட்டிகளையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

முப்பதாம் தேதி ஹுன்சிகர் வந்து பார்த்தபோது காரின் பின்னிருக்கையில் நான்கு பெட்டிகள் வாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. விருந்தினர்கள் ஹோட்டலில் மறந்துவிட்டுப் போன பெட்டிகள்.

"என்னம்மா இது?"

"உருளைக்கிழங்கு சார்."

"பரீட்சைக்கா?"

"சுமை இல்லன்னா என் கை தானா ரிவர்ஸுக்குப் போகுது. பெட்டி வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

ஹுன்சிகர் சட்டத்தை மதிக்கிறவர். உள்ளே போய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சுமை அசையாமல் கட்டியிருக்க வேண்டும் என்று மட்டுமே இருந்ததாம். வாரை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. ஏறி உட்கார்ந்தார்.

அதே ரவுண்டானா. அவள் வட்டத்துக்குள் இருக்க, ஆள் உயரத்துக்கு மேல் கூடைகள் அடுக்கிய லாரி ஒன்று பக்கத்துச் சாலையில் வந்து நின்றது. நான்கு பெட்டி உருளைக்கிழங்கு அதற்கு எந்த மூலைக்கு? லுட்வினாவின் கை ஸ்டியரிங்கை விட்டு கியர் பக்கம் இறங்கியது. ஹுன்சிகர் கண்ணை மூடிக்கொண்டதாக அவள் சொல்கிறாள். அந்த நேரம் பார்த்து லாரி ஒரு குலுங்கு குலுங்கியது. கலகலவென்று ஒரு சத்தம்.

"காலி பாட்டில்," என்று உரக்கச் சொல்லிவிட்டு நேராக முன்னே போனாள் லுட்வினா.

பாஸ்.

"அது நிறைஞ்ச பாட்டிலா இருந்திருந்தா?" என்று பிறகு கேட்டேன்.

"யோசிச்சிருப்பேன் வாத்தியாரே," என்றாள். "ஆனா இல்லையே."

ஆகஸ்ட் ஒன்று, எங்கள் நாட்டின் தேசிய நாள். வீடெல்லாம் கொடி, ரயில் கொள்ளாத கூட்டம். முதல் ரயிலில் வந்த ஒரு தம்பதியையும் அவர்களது ஒற்றைப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு லுட்வினா மேலே வந்தாள். கோயிலருகே தியோடுல், நிறைந்த பீப்பாய்களோடு. அவள் நிறுத்தினாள், வணக்கம் சொன்னாள், எட்டிப் பார்த்தாள், ரிவர்ஸில் போட்டாள்.

"லைசென்ஸ் வாங்கியும் பின்னாலதான் போறியா?" என்றான் தியோடுல்.

"பின்னால போறதுக்குத்தான்டா லைசென்ஸே வாங்கினேன்," என்றாள் லுட்வினா, வளைவில் திரும்பியே பார்க்காமல்.