ரோசம்மாள் வீட்டுக்கு ஒரு பாடு

பச்சையம்மா புதுவாயல் கூட்டுரோட்டில் மீன்கூடையை இறக்கிவிட்டால் அங்கே நிற்கிறவர்களுக்கு இலவசக் கூத்துதான். பேரம் பேசுகிறவரின் குரலிலேயே அவருக்குப் பதில் சொல்லுவாள். மூக்கால் பேசும் கண்டக்டருக்கு மூக்கால் பதில்; இழுத்து இழுத்துப் பேசும் கம்பெனி வாட்ச்மேனுக்கு அதைவிட ஒரு முழம் கூட இழுத்துப் பதில். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் மீன் பைக்குள் போயிருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தன. பச்சையம்மாவுக்குச் சொந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம். புருஷன் படகு கவிழ்ந்து போனான். பிள்ளை இல்லை. இருந்த சொத்து வாய் ஒன்றுதான். அதற்குப் பங்காளி யாரும் வரவில்லை.

ஒரு நாள் அவள் கூடைக்குப் பின்னால் ஒரு சிறுமி வந்து ஒண்டினாள்.

"இன்னாடி, பூனை மாரி பதுங்கறே? மீனு வோணுமா?" என்று கையைப் பிடித்தாள் பச்சையம்மா. சிறுமி அப்படியே சுருண்டுபோனாள். முழங்கை வரைக்கும் சூடு வைத்த தழும்பு. பெயர் செண்பகம். தாய் தகப்பன் போனபின் சித்தப்பன் சின்னராசு வீட்டில் கிடந்தவள். சோறு குழைந்தால் ஒரு சூடு, குழையாவிட்டால் இன்னொரு சூடு.

பச்சையம்மா வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு அவளை ரோசம்மாள் டீச்சரிடம் கூட்டிப்போனாள். அடிபட்ட, கைவிடப்பட்ட பிள்ளைகளை டீச்சர் தன் ஓட்டுவீட்டிலேயே வைத்து வளர்த்தார். ஆரணி ரைஸ்மில் அருணாச்சலம் அனுப்பும் அரிசியில்தான் அங்கே உலை கொதித்தது. அன்றிலிருந்து பச்சையம்மா விற்காத மீனையெல்லாம் அங்கே கொட்டினாள். நல்ல வஞ்சிர மீன்கூட அடிக்கடி 'விற்காமல்' போனது.

அருணாச்சலம் இறந்தார். அவர் மகன்கள் அரிசியை நிறுத்தினார்கள். உதவி கேட்டு டீச்சர் ஏறாத படி இல்லை.

"பொங்கலோட மூடிடப்போறேன் பச்சையம்மா. சொந்தக்காரங்க இருக்கிற பிள்ளைங்கள அவங்ககிட்டயே அனுப்பணும். வேற வழி தெரியல."

செண்பகத்துக்குச் சொந்தம் என்றால் சின்னராசுதான். அவன் காதுக்கும் விஷயம் எட்டியிருந்தது. பொங்கல் முடிந்ததும் வந்து இழுத்துப்போகிறேன் என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தான். அன்றிலிருந்து செண்பகம் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரம் குப்பத்தில் பாடு குலுக்கினார்கள். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. கல்யாணமான ஆணுக்கு ஒரு பாடு. புருஷன் போய்ப் பிள்ளைகளோடு நிற்கிறவளுக்கும் உண்டு. ஊர் ஆட்களே அவளுக்காக வலை போட்டுக் கரையில் மீனைக் கொடுப்பார்கள். பிள்ளை இல்லாத விதவைக்குக் கிடையாது.

ஊர்த் தலைவர் ஆதிநாராயணன் செருமாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் முன்னால் போய் நின்றாள் பச்சையம்மா.

"ஆதிண்ணே, எனக்கு ஒரு பாடு வோணும்."

"க்ரூம்... புள்ள இல்லாதவளுக்கு ஏதும்மா பாடு?"

"யாரு சொன்னது இல்லன்னு? புதுவாயல்ல ஒரு ஊடு நெறைய கீதுங்க."

கூட்டம் சிரித்தது. இளவட்டம் லோகநாதன் குரல் கொடுத்தான்: "இன்னாக்கா, எப்ப பெத்தே? சொல்லவேயில்ல!"

"பெத்தாத்தான் புள்ளயாடா? உன்ன பெத்தவ உன்ன கண்டாலே ஓட்றா. நீ புள்ள இல்லியா?"

சிரிப்பு அடங்கவில்லை. ஆதிநாராயணன் கையை உயர்த்தினார். "க்ரூம்... எந்த ஊரோ, எந்த சாதியோ, எந்த சாமியோ. நம்ம ஏரி மீன எப்டிம்மா குடுக்கறது?"

பச்சையம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கூன் போட்டாள். கரகரத்த குரல் ஒன்று அவள் தொண்டையிலிருந்து வந்தது.

"நைனா ஆதி... துன்னியாடா? ஊரு குடுத்த மீனுடா. வவுறார துன்னு."

செத்துப்போன குப்பாயியின் குரல். ஆதிநாராயணனின் அம்மா. அவர் தொட்டிலில் கிடந்தபோதே அப்பா கடலோடு போனதும், விதவைக்குக் கிடைத்த பாடு மீனில்தான் அவர் வளர்ந்ததும் ஊரறிந்த கதை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆதிநாராயணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுத்தபோது செரும மறந்துபோயிருந்தார்.

"சீட்டு எழுதுங்கடா. பச்சையம்மா ஊட்டுக்கு ஒரு பாடு."

"வலை போட எவன் போவான்?" என்றார் ஒருவர்.

"நா போறேன்," என்று லோகநாதன் எழுந்தான். "ஆனாக்கா, எங்கம்மா ஓட்றான்னு சொன்னத வாபஸ் வாங்கிடு."

"அதெல்லாம் முடியாது. நீ போயி வலைய எடு."

பொங்கல் கழிந்து வந்த முதல் பாட்டிலேயே இறால் கொழித்தது. கரைக்கு வந்த வியாபாரி லாரியில் அது ஏறியது. அந்தக் காசில் அரிசி மூட்டைகள் டீச்சர் வீட்டுக்கு வண்டி ஏறின. வண்டி போய் நின்றபோது வாசலில் சின்னராசு நின்றுகொண்டிருந்தான்.

"எங்கண்ணன் பொண்ணு. நா இட்டுகினு போவ வந்துகீறேன். நடுவுல யாரும் பேஜாரு பண்ணாதீங்க."

"இந்த வீடு மூடல. பொண்ணும் வரமாட்டா," என்றார் டீச்சர்.

"நா சித்தப்பன்!"

மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே லோகநாதன் கேட்டான்: "பச்சையம்மாக்கா எங்களுக்கு இன்னா வோணும்?"

"எனக்கின்னாய்யா தெரியும்?"

"அக்கா. அக்கா பொண்ணு செண்பகம். அப்ப நாங்க இன்னா? தாய்மாமனுங்க. மாமனுங்க இத்தினி பேரு நிக்கறப்ப சித்தப்பன் இன்னாய்யா குறுக்க வரே?"

வண்டியிலிருந்து மற்ற மாமன்களும் இறங்கினார்கள். உப்புக்காற்றில் காய்ந்த தோள்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மூட்டை. சின்னராசு எண்ணிப்பார்க்கக்கூட நிற்கவில்லை. பஸ் போகும் திசையைக்கூடப் பார்க்காமல் ஏறியதாகப் பின்னால் சொன்னார்கள். அன்று மதியம் செண்பகம் மூன்று முறை சோறு வாங்கினாள்.

அதன்பின் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த வீட்டுக்குச் சீட்டு விழுந்தது. பச்சையம்மா அதோடு விடவில்லை. ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி ஆட்களை மறித்து, அவர்கள் சூப்பர்வைசரின் குரலிலேயே அதட்டி, போர்வையும் சோப்பும் பருப்பும் வாங்கினாள்.

சில வருடம் கழித்துச் செண்பகம் பெரியவளானாள். பச்சை ஓலையில் குடிசை கட்டுவது தாய்மாமன் உரிமை. குப்பமே ஓலையோடு வந்து இறங்கியது.

"க்ரூம்... மூத்த மாமன் நாந்தான்," என்றார் ஆதிநாராயணன்.

"மொத மூட்டைய தூக்கினவன் நானு!" என்றான் லோகநாதன்.

"ஆளுக்கு ஒரு ஓலை கட்டுங்கய்யா, சண்ட எதுக்கு!" என்று கத்தினாள் பச்சையம்மா.

கட்டினார்கள். எல்லா மாமன்களும் சுற்றிச் சுற்றிக் கட்டியதில் வாசல் விட மறந்துபோனார்கள். கத்தி கொண்டுவந்து ஓலையை அறுத்து வழி செய்துதான் செண்பகத்தை உள்ளே உட்கார வைத்தார்கள்.